சம்பளம் கேட்டவள்

ஊராட்சித் தலைவியாக நான் ஜெயித்த மறு வாரமே பள்ளித் தாளாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடமாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பொன்னாடை போர்த்தினார். பிறகு உட்காரச் சொல்லிவிட்டு, "டீச்சர், இனி உங்களுக்கு மீட்டிங், மனு, அதிகாரின்னு இருக்கும். பிள்ளைகளப் பாதியில விட்டுட்டு ஓட முடியாதுல்லா. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேலையை விட்டேன். எங்கள் ஊர் திருவேங்கடம் போகிற வழியில் உள்ள கரிசல் காட்டு ஊர். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, படித்தவள் என்று என்னை நிற்கச் சொன்னவர்கள் யாரும் மாதச் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என் கணவர் விசைத்தறியில் சேலை நெய்கிறவர். அவர் மட்டும் ஒருநாள், "கவர்மெண்டு எவ்வளவு தரும்?" என்று கேட்டார். மதிப்பூதியம் என்று ஒன்று உண்டு என்றேன். எவ்வளவு என்று சொன்னதும் சிரித்துவிட்டார். என் போனுக்கும் வண்டிப் பெட்ரோலுக்கும் போனால் மிச்சம் ஒன்றும் நிற்காது.

வேலை என்னவோ விடிந்ததிலிருந்து இருந்தது. மோட்டார் எரிந்துவிட்டால் முதல் போன் எனக்குத்தான் வரும். தெருவிளக்கு, சாக்கடை, நூறுநாள் வேலைத் தகராறு, இறப்புச் சான்றிதழ். ஊராட்சிச் செயலருக்கு அரசுச் சம்பளம் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளங்களுக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மளிகைக் கடைக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வேன்.

இதையெல்லாம் நான் மனம்விட்டுப் பேசியது ஒரே ஒருவரிடம்தான். பக்கத்து ஊராட்சியின் தலைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றிய அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகினோம். அன்றிலிருந்து மாதக் கூட்டத்துக்கு என் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அக்காவுக்கு நிலபுலன் உண்டு, கட்சியில் ஆள் பழக்கம் உண்டு, மைக் பிடித்தால் கூச்சமில்லாமல் பேச வரும். எனக்கு எழுத வரும். அவருடைய தீர்மானங்களைக்கூட நான்தான் எழுதிக் கொடுப்பேன். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தால் அதில் பாதி எனக்கென்றே வைத்திருப்பார்.

இரண்டாவது வருடம் என் கணவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து குடல்வாலை எடுக்க வேண்டியதாயிற்று. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அப்போது எங்கள் ஊரில் பேவர் பிளாக் சாலை போட்ட காண்டிராக்டர் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் ஒரு பை. அவர் போன பிறகு பார்த்தால் பழத்துக்கு அடியில் ஒரு கவர் இருந்தது. அவருடைய பில் என் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அந்தக் கவரை நான் பிரிக்கவில்லை. ஆனால் உடனே திருப்பிக் கொடுக்கவும் இல்லை. என் கைப்பையில் இரண்டு நாள் இருந்தது. ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு, பஸ் ஏறி அந்தக் காண்டிராக்டரின் ஹார்டுவேர் கடைக்கே போய்க் கவரை மேஜைமேல் வைத்தேன். "பழத்துக்கு நன்றி அண்ணாச்சி. இது உங்க பையில இருந்து விழுந்திருக்கும்" என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டார்.

இதை என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன். அடுத்த மாதக் கூட்டம் முடிந்து வரும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, சாலையோரத்தில் நின்றுகொண்டு அழுதேன். எடுத்ததற்காக அழவில்லை, எடுக்கவும் இல்லை. இரண்டு நாள் அதை வைத்திருந்தேனே, அதுதான் தாங்கவில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இதுல நீ என்ன தப்புப் பண்ணிட்ட. பட்டினி போட்டுட்டு, பானையத் தொடாதன்னு சொல்லுதானுவ. தப்பு அங்கன இருக்கு."

மறுபடியும் வண்டியில் ஏறும்போது அவரே சொன்னார்: "இதத்தாம்ட்டி நாம கேக்கணும். மரியாதையான ஒரு சம்பளம். நீ எழுது. நான் பேசுதேன்."

அந்த மனுவை நான் நாலு தடவை மாற்றி எழுதினேன். இலவசமாக வேலை வாங்கினால் இந்தப் பதவிக்கு இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள், வேறு வருமானம் உள்ளவர்கள் அல்லது வேறு வழியில் வருமானம் தேடப் போகிறவர்கள் என்று எழுதினேன். கூலிக்குப் போகிற ஒரு பெண் தலைவியானால் அவள் கூலியும் போகிறது, அதற்கு ஈடாக எதுவும் வருவதில்லை என்று எழுதினேன். சம்பளத்தோடு சேர்த்து வருகைப் பதிவும் வரட்டும், வேலை செய்யாத தலைவருக்குப் பிடித்தம் செய்யுங்கள் என்றும் எழுதினேன். கவர் விஷயத்தை எழுதவில்லை. அக்காவும் வேண்டாம் என்றார். "அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

கையெழுத்து வாங்க ஊர் ஊராகப் போனோம். இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு தலைவர், எழுபது வயது இருக்கும், தொழுவத்தில் நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். "எனக்குக் காடு கெடக்கு தாயி, சம்பளம் வேண்டாம். ஆனா காடு இல்லாதவன் இந்த நாக்காலியில உக்காரணும்னா வேணும்லா" என்று சொல்லிவிட்டுப் போட்டார். இன்னொருவர், ஓட்டுக் கேட்கும்போது தொண்டு என்றுதானே சொன்னோம் என்று போட மறுத்தார். கடைசியில் ஒன்றியத்தில் பாதிக்கு மேல் கையெழுத்துக் கிடைத்தது. முதல் கையெழுத்து அக்காவுடையது. இரண்டாவது என்னுடையது.

மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்த கூட்டத்தில் கொடுப்பது என்று முடிவு. ஹால் நிறைந்திருந்தது. இரண்டு மூன்று நிருபர்களும் வந்திருந்தார்கள். அன்று அக்கா என் வண்டியில் வரவில்லை. முன்னாடியே வந்து, கட்சிக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேலையாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மனு என்னிடம் இருந்தது. பேச வேண்டியவர் அவர். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தலைவிமார் சில பேரு சம்பளம் வேணும்னு ஒரு மனு எழுதியிருக்காங்க. தங்கச்சி ஒருத்தி ரொம்பக் கஷ்டப்படுதா, அவ கேட்டான்னு பாவப்பட்டு நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா. நாம சேவை செய்ய வந்தவங்க. சம்பளத்துக்கு வந்தவங்க இல்ல. எனக்குச் சல்லிக்காசு வேண்டாம்."

கை தட்டினார்கள். நான் மனுவை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அதோடு நிறுத்தியிருந்தால், பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவரை மன்னித்திருப்பேன்.

"சம்பளம் குடுத்தா தப்பு நடக்காதுன்னு அந்த மனுவுல எழுதியிருக்கு. கைநீட்டுதவங்க எப்பவும் நீட்டத்தான் செய்வாங்க. புருஷன ஆஸ்பத்திரியில போட்டுட்டு, காண்டிராக்டர் குடுத்த கவர ரெண்டு நாள் பையில வச்சிருந்தவங்களும் இந்த ஹால்ல இருக்காங்க. அவங்களுக்குச் சம்பளம் குடுத்தா என்ன, குடுக்காட்டா என்ன."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த வருடம் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த தலைவி நான் ஒருத்திதான். முன்வரிசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நாலைந்து பேர் அங்கேயே என்னிடம் வந்து தங்கள் பெயரை அடித்துத் தரச் சொன்னார்கள். அவர்கள் பேனாவாலேயே அடித்துக் கொடுத்தேன்.

பிறகு நடந்தவை ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றிய அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். காண்டிராக்டரைக் கேட்டபோது, தான் கவரே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கொடுக்காததை நான் எப்படித் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்? கடிதத்தைக் கோப்பில் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் ஊரில் அது முடியவில்லை. அடுத்த கிராமசபையில், என்னோடு சேர்ந்து தண்ணீருக்காக மறியலில் உட்கார்ந்த ஒரு பெண் எழுந்து, "தலைவியம்மா, சம்பளம் கேட்டியளாமே. நாங்க ஓட்டுப் போட்டது பத்தாதா?" என்றாள். அவளுடைய விதவைப் பென்ஷனுக்காக நான் சங்கரன்கோவில் தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை அலைந்திருக்கிறேன். அதைச் சொல்லிக் காட்ட மனம் வரவில்லை.

என் கணவருக்குக் கவர் விஷயம் ஊரார் வாயிலாகத்தான் தெரிந்தது. அன்று வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "எங்கிட்ட சொல்லாம அவகிட்டச் சொல்லியிருக்க" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஒரு மாதம் பொறுத்து அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மக்காச்சோளம் காயப்போட்டிருந்த களத்தில் நின்றார். என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டார். நான் போகவில்லை.

"ஏன்க்கா அதச் சொன்னிய?"

"உன் பேரச் சொன்னனா?"

"அழுதுக்கிட்டே உங்ககிட்டச் சொன்னது அது."

கையில் அப்பியிருந்த தூசியைச் சேலையில் துடைத்தார். "கூட்டத்துக்கு முந்தின நாள் கட்சியில இருந்து வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டாவட்டி. பெரிய அதிகாரி முன்னால சம்பளம் கிம்பளம்னு மானத்த வாங்காதீங்க, அடுத்த தடவ ஒன்றியத் தலைவருக்கு உங்களத்தான் நிறுத்தப் போறோம்னு. நான் என்ன செய்யட்டும்?"

"மனுவுல உங்க பேர அடிச்சிருக்கலாம். பேசாம இருந்திருக்கலாம்."

"பேசாம இருந்தா நம்புவாவளா? நான் உன்கூடச் சேர்ந்து ஊர் ஊராத் திரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்லா." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், எனக்குப் புத்தி சொல்வதுபோல, "ஒண்ணு சொல்லுதேன் கேளு. சம்பளம் வாங்குனா ஊர்க்காரன் நம்மள வேலைக்காரின்னு நினைப்பான். வாங்காம இருந்தாத்தான் கும்பிடுவான். உனக்கு அது புரியல" என்றார்.

"நான் வேலைதானக்கா செஞ்சேன்" என்றேன். வண்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

அவர் நல்லவரில்லை என்று எழுதி முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் பழைய தலைவர் சண்டைக்கு வந்தபோது என் வீட்டு வாசலில் வந்து நின்றவர் அவர்தான். என் மகள் சடங்குக்கு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான். அதனால்தான் ஆத்திரம் தீரவில்லை. காண்டிராக்டர் பொய் சொன்னதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அவர் எனக்கு யாரோ.

பதவியை விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். விட்டால் கவர் கதை உண்மையென்று ஆகிவிடும். விடவில்லை. சாயங்காலம் வீட்டில் டியூஷன் ஆரம்பித்தேன். மடியில் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் இருக்கும்போதே, வாசலில் சான்றிதழில் கையெழுத்துக்கு ஆள் நிற்பார்கள். முதலில் பிள்ளைக்குக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் அவர்களைப் பார்ப்பேன். சிலருக்கு அதில் வருத்தம். காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

போன மாதம் ஒன்றிய அலுவலகத்தில் அக்காவைப் பார்த்தேன். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. உட்காராமல் தபால் பிரிவுக்குப் போனேன்.

அந்த மனுவை மறுபடியும் எழுதியிருந்தேன். இந்தத் தடவை முதல் பத்தியிலேயே கவர் வருகிறது. யாருடைய பை, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், பில் கவுண்டரில் நின்றபோது என்ன நினைத்தேன் என்பது வரை. அதற்குக் கீழேதான் சம்பளத்தைப் பற்றிய பகுதி.

வாங்கிய குமாஸ்தா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஒரு கையெழுத்துதானா?" என்றார்.

"ஆமா சார். ஒண்ணுதான்."

சீல் வைத்து ரசீது கொடுத்தார்.