பிரேக் அக்காவும் இரண்டாவது சீட்டும்

"கண்ணாடியப் பாரு. நடுக் கண்ணாடி. அது உன் தலமுடிய சரி பண்றதுக்கு வெச்சது இல்ல கண்ணு" என்று சொல்லும்போது பிரேக் அக்காவின் வலது கால், அவள் பக்கத்தில் தனியாகப் பொருத்தியிருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பூனை மாதிரி படுத்திருக்கும். மிதிக்கிறாளா, சும்மா வைத்திருக்கிறாளா என்பது ஓட்டக் கற்கிறவருக்குத் தெரியாது. காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவாள். வெறுங்காலில் இருந்தால்தான் வண்டியின் மனசு புரியுமாம்.

மற்ற வண்டிகளோடு மரியாதையாகப் பேசுவாள். எதிரே வரும் லாரியிடம், "வாங்க, வாங்க, நீங்களே மொதல்ல போங்க." குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிளிடம், "ஐயா, வீட்ல தேடுவாங்கய்யா." ஆபத்து பெரிதாக ஆக அவள் குரல் சின்னதாகிவிடும். அக்கா கத்தினால் பயமில்லை, முணுமுணுத்தால்தான் பயப்பட வேண்டும் என்பது அவளிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குரலை வீட்டில் அறிந்தவள் ஒருத்தி உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். அதனால் அக்கா அவளை 'மருந்து' என்றே கூப்பிடுவாள். இளமையில் ஒரே வாடகை அறையில் குடியேறிய இருவருக்கும் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. மருந்துக்கு எல்லாம் அளவுதான். உப்பைக்கூட விரலில் நிறுத்துப் பார்த்துத்தான் போடுவாள். அக்காவுக்குக் கைக்கு வந்ததுதான் அளவு. சமையலறையில் தினமும் ஒரு சண்டை நிச்சயம்.

முன்னறையில் மருந்தின் அப்பா இருக்கிறார். மனைவி போன பிறகு மகளிடம் வந்து சேர்ந்தவர். அக்காவோடு நன்றாகப் பழகுவார், செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிப்பார், ஆனால் அவளை என்ன முறை வைத்து அழைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. மருமகன் என்பதா, மருமகள் என்பதா? இரண்டும் வாயில் நிற்கவில்லை. அதனால் "டீச்சர்" என்று வைத்துக்கொண்டார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எம் பொண்ணோட... எம் பொண்ணோட டிரைவிங் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். "இத்தன வருஷமாவா? உங்க பொண்ணுக்கு இன்னுமா ஓட்ட வரல?" என்றார் அவர். அன்று மருந்து சிரித்த சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். பெரியவர் மட்டும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

தேர்தல் வந்தது. இந்த முறை ஆளுக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு. ஒன்று, யார் ஆள்வது என்று. இன்னொன்று, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. ஆட்சியில் இருந்தவர்கள் மருந்து வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியை மூடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர் நெடுங்காலமாக இருக்கும் எதிர்க்கட்சி மூடவிட மாட்டோம் என்றது, இரண்டாவது சீட்டுக்கும் ஆதரவு என்றது. அக்காவும் பெரியவரும் சேர்ந்தே வீடு வீடாகப் போனார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி அக்கா மடை திறந்த மாதிரி பேசுவாள். இரண்டாவது சீட்டுக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அதுக்கும் ஆமான்னு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். பெரியவர் அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுக் கேட்டின் பெயின்ட்டை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

உண்மையில் அக்காவுக்குக் கல்யாணத்தில் பெரிய பிடிப்பில்லை. "இத்தன வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. இனிமே எதுக்குடி அதெல்லாம்?" என்பாள். மருந்து விடமாட்டாள். "நாலு பேர் முன்னாடி ஒருத்தர் என்னக் கேக்கணும், இவளக் கட்டிக்கிறியான்னு. நான் சத்தமா ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு."

ஓட்டுப் போட்டு வந்த அன்று மருந்து கேட்டாள். "அப்பா, ரெண்டாவது சீட்டுல என்ன போட்டீங்க?"

"ஓட்டு ரகசியம்மா" என்று பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

முடிவு வந்த காலை, தெரு முழுக்க ஹாரன் சத்தம். பெரியவரின் கட்சி அள்ளிக்கொண்டு போயிருந்தது. அக்கா கைதட்டிக் குதித்தாள். அந்த ஆஸ்பத்திரி மருந்தின் உயிர் அல்லவா? டிவிக்காரர் அதே மூச்சில், இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று மக்கள் தீர்ப்பளித்துவிட்டதாகச் சொன்னார். அக்காவின் கைகள் பாதித் தட்டலில் நின்றுவிட்டன. மருந்து டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரிய மூட மாட்டாங்கல்ல. அது போதும்."

குளிக்கப் போனாள். உள்ளே குழாய் மட்டும் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். வேண்டாம் வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டிருந்த ஒன்று கிடைக்காமல் போனதற்கு இப்படி வலிக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

வேலைக்குப் போயாக வேண்டும். அன்றைய முதல் வகுப்பு, வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு. வாயாடி. "ஜெயிச்சிட்டோம்க்கா! என்னால தூங்கவே முடியல!" என்று ஏறினாள். சந்தைத் தெரு தாண்டியதும், "ஆமா, ரெண்டாவதா ஒரு சீட்டு குடுத்தாங்கல்ல? நமக்கென்ன வந்துச்சுன்னு அத வெறுமனே மடிச்சுப் போட்டுட்டேன்" என்றாள்.

"இண்டிகேட்டர் போடு" என்றாள் அக்கா. குரல் கேட்பதே கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண் சாலையைப் பார்த்தாள். ஆபத்து எதுவும் இல்லை. அக்காவைப் பார்த்தாள். வகுப்பு முடிந்து அக்காவுக்காகக் குடையோடு வந்து நிற்கும் இன்னொரு அம்மாவின் முகம் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா... அது உங்களுக்காகவா?"

"எனக்கும்தான்."

வண்டி குலுங்கி நடுத்தெருவில் நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியலக்கா, சத்தியமா யோசிக்கவே இல்லக்கா."

"பதறாத. அவங்க கத்தட்டும். கிளட்ச்ச மிதி. திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்று அக்கா அவள் கைமேல் கை வைத்தாள்.

மதியம் வீடு திரும்பியபோது வாசல் கொள்ளாமல் செருப்புகள். கட்சிக்காரர்கள் பெரியவரைப் பார்க்க வந்திருந்தார்கள். சட்டையில் ஜிகினா ரிப்பன் குத்தி அவரை மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். மருந்து எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். வட்டச் செயலாளர் சத்தமாகச் சொன்னார்: "அந்தக் கல்யாணக் கேள்விய மட்டும் நாம ஆதரிக்காம இருந்திருந்தா இன்னும் பத்து தொகுதி வந்திருக்கும் பெரியவரே. நம்மளுக்கு அது தேவையில்லாத வேல."

மருந்து அடுத்தவருக்குத் தட்டை நீட்டினாள். அக்கா வாசலிலேயே நின்றாள். பெரியவர் டீயை ஊதிக் குடித்தார்.

"சரி, போட்டோ எடுத்துருவோம். எல்லாரும் பெரியவரச் சுத்தி நில்லுங்க" என்று செயலாளர் போனை எடுத்தார்.

பெரியவர் எழுந்தார். உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து, தன்னுடையதற்குப் பக்கத்தில் போட்டார். மகள் கையிலிருந்த தட்டை வாங்கி யாரிடமோ கொடுத்து அவளை உட்கார வைத்தார். வாசலைப் பார்த்தார்.

"வாம்மா. வந்து உக்காரு."

அவர் 'டீச்சர்' என்று சொல்லவில்லை என்பது அக்காவுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. வந்து உட்கார்ந்தாள்.

"பெரியவரே, நீங்க நடுவுல உக்காருங்க, உங்களுக்குத்தானே போட்டோ" என்றார் செயலாளர்.

"இன்னைக்கு நான் நிக்கிறேன். நீ எடு."

இருவருக்கும் பின்னால் போய் நின்றார். செயலாளர் போனை உயர்த்தியபோது, "இருப்பா" என்று கையைக் காட்டிக் குனிந்தார். இரண்டு நாற்காலிகளுக்கும் இடையில் இருந்த இடைவெளியை, அக்காவின் நாற்காலியை முழங்காலால் முட்டி முட்டித் தள்ளி அடைத்தார்.