தனகோடி போட்ட மூணு கும்பிடு

எங்கள் ஆஸ்பத்திரியில் தனகோடியக்காவை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டைத் துடைத்து, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் பெட்பேன் வைத்து, உடம்பு துடைத்துவிடுகிற வேலைக்கு அதுதான் பெயர். ஆனால் எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. "இன்னும் ஒரு பேரனைக்கூட தூக்கல, அதுக்குள்ள ஆஸ்பத்திரியே சேர்ந்து என்னை ஆயா ஆக்கிடுச்சு சிஸ்டர்" என்று சிரிப்பார். நான் மட்டும் அக்கா என்பேன். என் பெயர் சகாயசெல்வி, அதே ஆண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் வெளியிலும் பெயர். வாங்கிய பெயரை நான் கெடுத்துக்கொண்டதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் செல்லப்பன் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர். சில வருடங்களுக்கு முன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பாத்தியில் விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. அவருக்குச் சோறு ஊட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குழையப் பிசைந்து ஒரு வாய் கொடுத்துவிட்டு, அது தொண்டையில் இறங்குகிற வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி மூச்சு முட்டும். பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா ஒருநாள் நல்ல மனசோடு ஊட்டப்போய், அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு அலறியடித்து எங்களிடம் வந்தாள். அதற்குப் பிறகு ஊட்டுகிற வேலையை அக்கா யாரிடமும் விடவில்லை. விடிவதற்குள் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். மதியம் ரெண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரி வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிடுவார்.

முன்பெல்லாம் எங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், வருகைக்கு விரல் வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுவார்கள். ஒட்டினால் முடிந்தது. புதிதாக வந்த நிர்வாக அதிகாரி ஜெயப்பிரகாஷ் சார்தான் அதை மாற்றினார். "உங்களைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லி, பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரையும் ஒரே வாட்ஸப் குரூப்பில் சேர்த்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் நாங்கள் என்ன பேசிவிட முடியும்? யாருக்காவது பிறந்தநாள் என்றால் கும்பிடு பொம்மை போடுவோம். யாராவது செத்துப்போனாலும் கும்பிடு. சம்பளம் தள்ளிப்போகும் என்றாலும் அதே கும்பிடு.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஆட்கள் போதாததால் அடுத்த மாதத்திலிருந்து மூன்று ஷிப்டு இரண்டாகிறது, பகல் டூட்டி காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, ஊழியர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும். வழக்கம்போல ஆளாளுக்கு ஒரு கும்பிடு போட்டோம், நானும்தான். அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பார். இரண்டு தரம் படித்தும் நம்பாமல் என்னிடம் போனை நீட்டினார். நான் படித்துக் காட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. ஏழு மணி என்றால் செல்லப்பன் பகல் முழுக்கப் பட்டினி, ஈரத் துணியோடு.

"வாய்ஸ்ல சொல்லுக்கா" என்றேன்.

"டாக்டருங்கல்லாம் கேப்பாங்களே சிஸ்டர், நான் போயி எப்படிப் பேசறது?"

யோசித்து யோசித்து, மூன்று முறை கும்பிடை அழுத்தினார். "ஒண்ணு போட்டா வணக்கம்னு நெனைச்சுக்குவாங்க. மூணு போட்டா கெஞ்சறேன்னு புரியுமில்ல?"

புரிந்த லட்சணத்தை அடுத்த வாரம் மீட்டிங்கில் பார்த்தோம். டீயும் சமோசாவும் கொடுத்துவிட்டு ஜெயப்பிரகாஷ் சார் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். "ஒருத்தர்கூட எதிர்ப்பு சொல்லல. எல்லாருக்கும் நன்றி. அதிலயும் தனகோடி அம்மா மூணு கும்பிடு போட்டு வரவேற்றிருக்காங்க!" எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். பாவம், அக்கா எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் ஒரு கும்பிடு போட்டார்.

அன்று பெட்பேன் கழுவுகிற இடத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேலைய வுட்டு நின்னுக்கறேன் சிஸ்டர். மருந்துக்கு இன்னா பண்றதுன்னுதான் தெரியல. ஆனா அவரு வயிறு காயக் கூடாது." அழவில்லை. குழாயை மூடினார், கையைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் கோபம் பொறுக்கவில்லை.

நேராக ஜெயப்பிரகாஷ் சார் அறைக்குப் போனேன். விஷயம் முழுவதையும் கொட்டினேன். அவர் திகைத்துப்போனார்.

"அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"சொன்னாங்க சார். மூணு தடவ சொன்னாங்க."

உடனே அக்காவை வரவழைத்துக் கேட்டார். அக்காவோ, "ஒண்ணுமில்லீங்க சார், உங்களுக்கு இன்னா கஷ்டமோ" என்று சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. சார் அதற்கு மேல் கேட்கவில்லை. ரெண்டு மணிக்கு நாங்கள் வேனில் ஏறினால், அவரும் வந்து ஏறினார். கலகலவென்று இருக்கிற வேன் கப்சிப் ஆனது. டிரைவர் சிலம்பரசன்கூட பாட்டை நிறுத்திவிட்டான்.

அக்கா வீடு உப்பளத்தை ஒட்டிய ஷீட்டு வீடு. சாரோடு நானும் உள்ளே போனேன். செல்லப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாரைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல நினைத்தார். இடது கை மட்டும் மார்பு வரைக்கும் எழுந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது. பாதியில் நின்ற கையைப் பார்த்து அவர் முகம் சுருங்கிவிட்டது.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வலது கையை எடுத்து இடது கையோடு சேர்த்துப் பிடித்தார். "சாருக்கு வணக்கம் சொல்றாரு" என்றார்.

சார் பதிலுக்குக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கவே அவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

பிறகு அக்கா ஊட்டினார். ஒரு வாய். "இறங்கிடுச்சாங்க?" அவர் தலையாட்டுவார். அடுத்த வாய். சார் ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டு காலியாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் திரும்பும்போது, "எத்தனை கும்பிடை நான் சம்மதம்னு எண்ணிட்டேன் சிஸ்டர்!" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து சார் ஒவ்வொருவராகத் தேடிப் போய், "உங்க கும்பிடு எந்தக் கும்பிடு?" என்று கேட்க ஆரம்பித்தார். வாட்ச்மேன் வெங்கடாசலம் செய்தியைப் படிக்காமலே போட்டிருந்தார், பழக்கதோஷம். தூரத்திலிருந்து வருகிற நர்ஸ் சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரமே வசதி, அது நிஜக் கும்பிடு. என்னிடம் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். "என்னுது ஆளை விடுங்க சாமி கும்பிடு சார்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் விரும்பியவர்களுக்கு நீள டூட்டி, மற்றவர்களுக்குப் பழைய டூட்டி என்று முடிவானது. டூட்டி போடுவது இப்போது அவருக்குப் பெரிய தலைவலி. படட்டும்.

முடிவை அவர் குரூப்பில் போட்டார். தனகோடி அம்மா வழக்கம்போல ரெண்டு மணிக்குக் கிளம்பலாம், ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் சொல்லவும் என்று எழுதியிருந்தார். அன்று மதியம் அக்கா நம்பரிலிருந்து ஒரே ஒரு கும்பிடு வந்தது. கொஞ்ச நேரத்தில் சார் எனக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம்.

"சிஸ்டர், ஒத்தக் கும்பிடு வந்திருக்கு. சந்தோஷமா, இன்னும் ஏதாவது வருத்தமா? கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்டேன். அக்கா சிரித்தார்.

"ஐயோ, அது நான் போட்டதில்ல சிஸ்டர். சோறு ஊட்டிக்கினே சாரு அனுப்புனத அவருக்குப் படிச்சுக் காட்னேன். இடது கைய நீட்டி போனைக் குடுன்னாரு. அதுல கும்பிடு போட ஒரு வெரலு போதுமில்ல?"