வெளுத்துப்போன தீ

இடது கண் பள்ளிக்கூட நாளிலேயே கில்லிக் குச்சிக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது கண் ஒன்றுதான். அதிலும் புரை விழுந்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"செராமிக் கம்பெனியில சூளை போடுறேங்க."

"தீயை நேராப் பாப்பீங்களா?"

பார்க்காமல்? சூடு காட்டும் மீட்டர் எங்கள் விருத்தாசலத்துக்கு வந்து எத்தனையோ காலமாகிறது. இருந்தாலும் சூளைக் கதவின் ஓட்டை வழியே தீயின் நிறம் பார்த்துத்தான் கேஸை அணைப்பேன். ஆரஞ்சு மாறி எலுமிச்சை மஞ்சள் வந்தால் சாமான் மேல் பூசிய பூச்சு உருகிவிட்டது என்று அர்த்தம். மீட்டர் பொய் சொல்லும், என் கண் சொல்லாது என்று திமிராகப் பேசியும் இருக்கிறேன்.

ஆபரேஷனில் என்ன ஆபத்து என்று கேட்டேன். சீழ் பிடிக்கலாம், கண்ணில் அழுத்தம் ஏறலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அபூர்வம் என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவே இல்லை. ஆபரேஷனும் லென்ஸும் காப்பீட்டு அட்டையில் அடங்கிவிடும். சொட்டு மருந்தும் பஸ் செலவும் சம்பளமில்லாத நாட்களும் எங்கள் பாடு.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் பாரித்துத் தெரிந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டு வேளை தவறாமல் மருந்து விட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடவில்லை, குனிய விடவில்லை. லேசாக உறுத்தினாலும் சீழ்தான் என்று நடுங்கினேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்" என்று சிரித்தாள். எனக்கோ வெளுத்ததெல்லாம் பேயாக இருந்தது.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் சூளைக்குப் போனேன். மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, பூச்சுப் பூசுகிறாள். ஓட்டையில் பார்த்தால் தீ வெள்ளைவெளேரென்று எரிகிறது. சூடு மிஞ்சிவிட்டது என்று பதறிப்போய் கேஸை அடைத்தேன்.

"மீட்டரு இன்னும் ஏறலியேங்க" என்றாள். நான் கேட்டால்தானே? மறுநாள் திறந்தால் உள்ளே அடுக்கிய பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் எல்லாம் பூச்சு உருகாமல் சொரசொரவென்று கிடந்தன. சாமான் வீணானது பெரிதில்லை. கண் போய்விட்டது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"கண்ணு நல்லா இருக்குதுங்க. கண்ணுக்குள்ள இருந்த பழைய லென்ஸு பொரை விழுந்து மஞ்சளா இருந்துச்சு. அது வழியாவே பாத்துப் பழகிட்டீங்க. இப்பத் தெரியறதுதான் சரியான நெறம். ஆனா வெறுங்கண்ணால தீயைப் பாக்காதீங்க. இருக்கிறது ஒண்ணு."

இப்போது கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சரியான சூடு வந்ததும் வளைகிற மண் கூம்பு ஒன்றை உள்ளே வைத்து, அது சாய்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். நிறத்தை நம்புவதில்லை. பயமும் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றியதும் முதலில் மனைவியின் முகத்தைத் தேடுகிறேன். அது அவளுக்குத் தெரியும். நான் சூளை அணைக்கிற நேரம் பார்த்து, பூச்சுக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள்.

"இங்கதான் இருக்கேன். பாருங்க."