அமலி இன்னும் சாப்பிடவில்லை

அமலிக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பல்லடத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. துணியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை இருந்தால் பேசாமல் தள்ளி வைத்துவிடுவாள். மகளுக்கு வந்த இடங்களையும் அப்படித்தான் தள்ளினாள். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டாரிடம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சாப்பிட்டால் சம்மதம். பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்ட அமலிக்கு அது பெரிய உதவி. சாப்பிடாமல் எழுந்து வந்தால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இந்த முறை அழைப்பு வீட்டுக்கு இல்லை. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பிரெஞ்சு ஓட்டலுக்கு. மகள் ஜெனிஷா விரும்பிய ஜேக்குக்கு அங்கேதான் வேலை. ஓட்டல் வேலை என்று மட்டும் சொல்லியிருந்த ஜெனிஷா, அது பாரில் சரக்குக் கலந்து கொடுக்கிற வேலை என்பதை பஸ் காந்திபுரம் வந்த பிறகுதான் சொன்னாள்.

பார் கல்யாண வீடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அமலியின் புருஷன் ஆரோக்கியதாஸ் குடியை விட்டவர். அவரை பாருக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள். எதிர்ச்சுவரில் பெரிய கண்ணாடி இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

"எடுத்துக்கோங்க சம்பந்தி" என்றாள் ஜேக்கின் அம்மா பிலோமினா.

அந்த ஒரு சொல்லுக்கே அமலியின் கை மடிக்குள் போய்விட்டது. "இருக்கட்டுங்க."

அகலமான தட்டு வந்தது. நடுவில் விரல் நீளத்துக்கு மீன், ஓரத்தில் பச்சையாக ஒரு தீற்றல்.

"ஏனுங்க, யாராவது சாப்பிட்டு மீதி வெச்சதுங்களா?" என்று ஆரோக்கியதாஸ் மரியாதையாகவே கேட்டார். ஆனால் மனைவி தொடாமல் அவரும் தொட முடியாது. வெயிட்டர் தட்டைத் திரும்ப எடுத்துப் போனபோது, மீன் சமையலறைக்குள் மறையும்வரை கண்ணாடியில் பார்த்தார்.

அமலி பார்த்தது ஜேக்கை. ஒவ்வொரு கிளாஸைக் கலந்ததும் அதில் உறிஞ்சுகுழலை விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்து, ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டான்.

"பாருங்க, குடிக்கிறான்."

"ருசி பாக்கறான் புள்ள. நீ கொழம்புல உப்புப் பாக்கறதில்லையா?"

"நான் கொழம்பக் குடிச்சுப்போட்டு வண்டியச் சாக்கடைல உட்டதில்லீங்க."

ஆரோக்கியதாஸ் கண்ணாடிக்கே திரும்பிவிட்டார்.

"அம்மா, ஒரே ஒரு வாய்" என்றாள் ஜெனிஷா. அவள் கண் கலங்கியிருந்தது. ஜேக்கைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். அமலி அசையவில்லை.

கடைசியில் ஜேக்கே ஒரு கிண்ணத்தோடு வந்தான். "வெங்காய சூப்புங்க அத்தை. காரமே இருக்காதுங்க."

அமலி எழுந்தாள். எத்தனையோ வருஷம் புருஷனை வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்த்த மூக்கு அவளுடையது. ஏலக்காய், பாக்கு, கொய்யா இலை எதுவும் அதனிடம் பலித்ததில்லை.

"தம்பி, ஊதுங்க."

பிலோமினாவின் முள்கரண்டி தரையில் விழுந்தது. ஜெனிஷா முகத்தை மூடிக்கொண்டாள். ஜேக் போலீஸ்காரர் முன்னால் நிற்கிறவனைப் போல விறைத்து நின்று ஊதினான்.

எலுமிச்சை வாடை. சரக்கும் இருந்தது, எறும்புக்குப் போதாத அளவு. அதற்கெல்லாம் அடியில், நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றின் வாடை.

"ஏங்கண்ணு, இன்னும் சாப்பிடலையா?"

"பயத்துல காத்தால இருந்து ஒண்ணும் எறங்கலீங்க அத்தை."

அமலி உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்து சூப்பை அள்ளி வாயில் வைத்தாள். மேலே உருகிக் கிடந்த சீஸ் கிண்ணத்திலிருந்து நூலாகக் கூடவே வந்தது. கையை உயர்த்தினாள், அதுவும் நீண்டது. ஜெனிஷா எட்டிக் கத்தியால் அதை அறுத்துவிட்டாள்.

பாரில் யாரோ கிளாஸைத் தட்டி ஜேக்கைக் கூப்பிட்டார்கள். அவன் கிளம்பத் திரும்பினான்.

அமலி சூப்பை விழுங்கிவிட்டு, அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அவிங்க இருக்கட்டும். நீங்க உக்காந்து சாப்பிடுங்க, மாப்ள."