நான் நிறுத்திய ஒப்பாரி

கற்பூர வாசனை எங்கள் வீட்டில் சாமிக்கு உரியது. வேலிக்கு அப்பால், கதீஜா 'மக்சிக்' வீட்டில், இறந்தவரைக் குளிப்பாட்டும் நீரில் அதைக் கலப்பார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டின் மழைக்காலத்தில், எங்கள் காஜா பெராங் தெருவின் விளக்குக் கம்பங்களில் கொடிகள் நனைந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த வாசனை வந்ததும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

மலாய் அத்தைமாரை மக்சிக் என்போம். ரப்பர்த் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த அம்மாவுக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே தோழி அவர். அம்மாவின் அரைகுறை மலாயும் அவருடைய நாலைந்து தமிழ்ச் சொற்களும் இருவருக்கும் போதுமானவையாக இருந்தன.

தெருக்கோடிச் சீனர் வீட்டுச் சாவென்றால் மேளமும் தாளமும் கேட்கும். இங்கே வெள்ளைத் துணி போர்த்திய மக்சிக்கின் உடலருகே பெண்கள் சன்னமாக ஓதிக்கொண்டிருந்தார்கள். அம்மா மார்பில் அறைந்துகொண்டு, "வேலியோரம் நிக்கிறேனே, என் ராசாத்தி, வெத்தல போட யார் கூப்புடுவா" என்று ஒப்பாரி எடுத்தாள். ஓதல் நின்றது.

மலாய்க்காரர் வீட்டில் ஓலமிட்டு அழக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுந்தது அதற்காக அல்ல. வாசலில் என் ஆங்கிலப் பள்ளி வகுப்பு மாணவர்கள் இருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வாய மூடும்மா, மானம் போவுது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மக்சிக்கின் மகள் அழுத முகத்தோடு, "பியார்லா, விட்டுடு, அழட்டும், எங்கம்மாவுக்குப் புரியும்" என்று மலாயில் கெஞ்சினாள். நான் விடவில்லை.

அடுத்த ஆண்டு அப்பா இறந்தார். உறவுக்காரப் பெண்கள் தோளோடு தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்து, "வாடி, புருசனுக்கு அழாம வேற எவனுக்கு அழப்போற?" என்று அம்மாவை இழுத்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாங்க்கா, தம்பி படிச்ச புள்ள, அதுக்குப் புடிக்காது" என்றாள். பக்கத்தில்தான் நின்றேன். 'அழும்மா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை இன்னும் சுமக்க முடியாத அலுப்பில்தான் இப்போது எழுதுகிறேன்.

வட்டம் கட்டி அழும் பெண்கள் இன்று எங்கள் பக்கத்தில் இல்லை. துக்க வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறோம். அம்மா போனபோதும் யாரோ ஒலிபெருக்கியில் பதிவு செய்த ஒப்பாரியைப் போட்டார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி "என்னப் பெத்தவளே" என்று கதறிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் ரொம்ப இருக்குப்பா, கொறைக்கச் சொல்லட்டா?" என்றான் என் மகன்.

"வேணாம்" என்றேன். "முழுசும் பாடட்டும்."