தைலப் போத்தல் முத்துகள்

நூலின் நுனியை மெழுகில் ஒருமுறை இழுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் முறுக்கினால், நுனியே ஊசியாகிவிடும். றீற்றாவின் கைகள் பார்க்காமலே அதைச் செய்தன. நுனி முத்தின் துளைக்குள் போய் மறுபக்கம் வந்தது. பிறகு ஒரு முடிச்சு. முடிச்சு இறுகுவதற்குள் அதன் நடுவே தையல் ஊசியை விட்டு, முத்தோடு ஒட்டும்வரை தள்ளிக்கொண்டு போய், அதன்பிறகே ஊசியை உருவவேண்டும். முந்தினால் இடைவெளி விழுந்து முத்து ஆடும். பிந்தினால் நூல் பிரியும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, சாம்பல் நிற முத்து. பதினேழாவது.

சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில், பெண்கள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, மூண்டு மணிக்குப் பெட்டி மூடவேணுமாம்." மகள் லதுஷா கதவடியில் நின்றாள். "இப்பவே பதினொண்டு தாண்டிட்டுது. மாமி கடையில ஒரு செபமாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறா. அப்பான்ர கையில அதைப் போட்டாலென்ன?"

"அது மாமியின்ர கையிலயே இருக்கட்டும்."

"இது முடியுமோ?"

"முடியும். நீ போய் வந்தாக்களுக்குக் கோப்பி குடு."

றீற்றா தலை நிமிரவில்லை. முந்தாநாள் காலை, உட்துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டறையில், திருத்திக்கொண்டிருந்த படகு இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து அவளுடைய கணவர் பேணாட் இறந்துபோனார். முப்பத்து நான்கு வருடமாக அவர் கொடுத்த முத்துகள்தான் மேசையில் கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் அணிந்து அவர் பார்த்ததில்லை.

அவளுக்கு முத்தென்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். கோயிலில் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கிய அன்று கழுத்தில் போட்டது பிளாஸ்டிக் முத்துமாலை. பத்து நாளில் வியர்வைக்குத் தோல் உரிந்து, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. அழுதாள். கலியாணத்துக்கு வெளிநாட்டிலிருந்த அண்ணன் உண்மையான மாலை ஒன்று அனுப்பினார். பாலில் தோய்த்தெடுத்த வெள்ளை. எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. முத்தென்றால் அதுதான் என்று அவள் முடிவு கட்டினாள். இரண்டாம் வருடம் கோயில் திருநாளில், தூக்கிப்போகும் புனிதர் சுருவத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது அந்த மாலை அறுந்து தெருவெல்லாம் சிதறியது. சுற்றுப்பிரகார ஊர்வலம் போய் முடிந்தபிறகு, முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கோத்துக் கொடுக்க ஊரில் ஆளில்லை. தானே கோத்தாள். பிழையாய்ப் போனது, வெட்டிவிட்டு மறுபடியும் கோத்தாள். ஆறாவது தடவை சரிவந்தது. அன்றிலிருந்து திருகோணமலையில் யாருக்கு முத்துமாலை அறுந்தாலும் றீற்றாவின் மேசைக்குத்தான் வரும்.

பேணாட் அந்த நாளில் கிண்ணியாப் பாதையில் வேலை. பாலம் போடாத காலம். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போகும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். அதன் இயந்திரத்தை அவர் பார்த்துக்கொண்டார். தம்பலகாமக் களப்பின் உப்புத்தண்ணீரில் தட்டையான, கண்ணாடிபோல் மெல்லிய சிப்பி ஒன்று உண்டு. அதற்குள் அபூர்வமாய் ஒரு முத்து இருக்கும்: சின்னது, கோணல், ஈயநிறம். மீன்பிடிக்கிற கலீலுர் றஹ்மான் காக்காவிடம் சொல்லிவைத்து, கிடைக்கிற நேரம் ஒன்றிரண்டாய் வாங்கிவருவார். முதல் முத்தை நெருப்புப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

"என்னப்பா இது, எலிப்புழுக்கையோ?"

"எலி இப்பிடிப் போட்டா நான் நாலு எலி வளர்ப்பனே, றீற்றா."

"இதைப் போட்டுக்கொண்டு நான் கோயிலுக்குப் போனா, கழுத்தில ஊத்தை எண்டு துடைச்சுவிடுவினம்."

அவரும் சிரித்தார். அடுத்த மாதம் இன்னொன்று கொண்டுவந்தார். அவள் எல்லாவற்றையும் பழைய தைலப் போத்தல் ஒன்றில் போட்டு வைத்தாள்.

லதுஷா பிறந்த வருடம் றீற்றா ஒரு பிழை செய்தாள். திருநாளுக்கு முதல்நாள் தாலியையும் சங்கிலியையும் தேசிப்புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விட்ட தண்ணீரில் ஊறவைப்பது வீட்டு வழக்கம். பொன் பளிச்சென்று வரும். இந்த முத்துகளும் கொஞ்சம் வெளுக்கட்டுமே என்று, போத்தலைத் திறந்து பதினொன்றை அதற்குள் கொட்டினாள். காலையில் எடுத்தபோது வெளுத்துத்தான் இருந்தன, சுண்ணாம்புக்கட்டி மாதிரி. தொட்டால் விரலில் மாத்தூள்போல் ஒட்டியது.

பேணாட் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "வெள்ளையாக்கிப்போட்டாய், கெட்டிக்காரி" என்றார். குசினிக்குப் பின்னால் போய் வெகுநேரம் கை கழுவினார்.

அதன்பிறகு அவர் எதையும் அவள் கையில் தரவில்லை. ஆனால் தைலப் போத்தலில் முத்துகள் கூடிக்கொண்டே வந்தன. அவளும் கேட்கவில்லை.

மற்றவர்களுடைய மாலைகளைக் கோத்துக் கோத்து அவளுடைய கண் மாறிக்கொண்டு வந்தது. முதலில், ஒரே அளவு வெள்ளை அலுத்தது. எந்த முத்தை எந்த இடத்தில் வைத்தாலும் ஒன்றுதான் என்றால் கோப்பவளுக்கு அங்கே என்ன வேலை? பிறகு இளஞ்சிவப்பு ஓடியது பிடித்தது. பிறகு பழைய வீடுகளிலிருந்து வரும், ஆட்களின் கழுத்துச் சூட்டில் வெண்ணெய்நிறம் ஏறிய முத்து. பிறகு ஒரு பக்கம் குழி விழுந்தது, வால் முளைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், ஒரு மணப்பெண்ணின் வெள்ளை முத்துகளைக் கறுப்புத் துணியில் பரப்பிவைத்துவிட்டு நூல் தேடியவளின் கை பட்டுத் தைலப் போத்தல் கவிழ்ந்தது. யன்னல் வெயில் அதிலிருந்து கொட்டிய முத்துகளின்மேல் விழுந்தது. சாம்பலுக்குள் பச்சை இருந்தது. ஊதா இருந்தது. மழை வரப்போகும் நேரம் துறைமுகத்துத் தண்ணீரில் ஓடுமே, அந்த நிறம் இருந்தது. பக்கத்தில் மணப்பெண்ணின் முத்துகள் பல்லுப்போல் கிடந்தன.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு துளைகளைப் பார்த்தாள். கடையில் துளைத்ததல்ல, இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவைத்த துளை. ஒன்றிலும் விளிம்பு உடையவில்லை. இயந்திரம் பூட்டிக் கழற்றுகிற அந்தத் தடித்த விரல்கள், இத்தனையையும் எங்கே, எப்போது உட்கார்ந்து துளைத்தன என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது. மாலையாகக் கோத்து, வருகிற தை மாதம் முப்பத்தைந்தாவது கலியாண நாளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நிற்கலாம் என்று நினைத்தாள். நிறம் படிப்படியாக இறங்கவேண்டும் என்று வரிசை மாற்றி மாற்றி வைத்தாள். பாதி கோத்து, பிடிக்காமல் வெட்டி, மறுபடியும் தொடங்கினாள். ஒருநாள் தேத்தண்ணியோடு வந்தவர், அவள் துவாயை இழுத்து மேசையை மூடுவதைக் கண்டார்.

"ஆரின்ர நகை? பெரிய இடமோ?"

"ஓம், பெரிய இடந்தான்."

"அப்ப நான் பார்க்கப்படாது" என்று, தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். அது போன மாதம்.

இன்று காலை அந்தப் பாதி மாலையை வெட்டினாள். செபமாலைக்கு மங்கள வார்த்தை மணி ஐம்பத்து மூன்று, பரலோக மந்திர மணி ஆறு. அவளிடம் இருந்தது ஐம்பத்தாறு. தனித்துத் தெரியவேண்டிய அந்த ஆறு மணிகளுக்கும் வெள்ளை முத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

நடுப்பகலில் கலீல் காக்கா வந்தார். முன்னறையில் பேணாட்டைப் பார்த்துவிட்டு, அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் கிடந்ததைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இதெல்லாம் நான் குடுத்ததுதான், தங்கச்சி."

"தெரியும், காக்கா."

"ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒண்டு கொண்டு போனன். வேணாம் எண்டிட்டார். 'கண் தெரியுதில்ல கலீல், துளை கோணலாப் போகுது. கோணல் துளையைக் கண்டா அவ ஏசுவா' எண்டார். 'உன்ட பொஞ்சாதிக்குத்தான் இது புடிக்காதே, எப்பிடி ஏசுவா?' எண்டு கேட்டன். சிரிச்சார்."

றீற்றாவின் கை நின்றது. முடிச்சு முத்தைத் தொடாமல் இறுகிவிட்டது. ஊசி நுனியால் அதைப் பிரித்து, நூல் சேதமாகிவிட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் முடிந்தாள்.

இரண்டு மணிக்கு லதுஷா அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்தாள். "பெட்டிக்குள்ள கண்ணாடியையும் வைப்பமெண்டு அலுமாரியில எடுத்தனான். உள்ளுக்கு இது கிடக்கு."

மென்தோல் துண்டொன்றில் மடித்து, பதினொரு வெள்ளைத் துணிக்கைகள். தேசிப்புளியில் செத்தவை. அவள் குப்பையில் கொட்டியவை. அவர் பொறுக்கி எடுத்து, சுண்ணாம்புத் தோல் போகுமட்டும் தேய்த்திருந்தார். வருடக்கணக்காகத் தேய்த்திருக்கவேண்டும், அந்த மென்தோல் துண்டு கறுத்து வழவழவென்றிருந்தது. முத்துகள் பாதியாகச் சிறுத்திருந்தன. இரண்டில் மட்டும், திருப்பிப் பிடித்தால், மினுக்கம் ஒன்று வந்து போனது.

"அம்மா, என்ன இது?"

"நான் கெடுத்தது" என்றாள் றீற்றா. லதுஷா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். ஆறை றீற்றா பரலோக மந்திர மணிகளாகக் கோத்தாள், இரண்டு பக்கமும் இரட்டை முடிச்சுப் போட்டு. பேணாட்டின் சட்டைப்பையில் எப்போதும் கிடந்த பழைய செபமாலையிலிருந்து பாடுபட்ட சுருவத்தை, அந்தச் சின்னச் சிலுவையை, கழற்றி நுனியில் கட்டினாள். மிஞ்சிய மூன்று சாம்பல் முத்துகளையும் லதுஷாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெட்டிக்காரர் மூடியோடு நின்றார். பேணாட்டின் அக்கா, அவருடைய விரலில் இருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்; பொன் எதையும் மண்ணுக்குள் விடுவதில்லை. றீற்றாவின் கையில் இருந்ததைக் கண்டு, "முத்தெல்லோ மச்சாள்! படம் எடுக்குமட்டும் போட்டிட்டு, மூடேக்க கழட்டிப் பிள்ளைக்கு வையுங்கோ" என்றாள்.

"கழட்டேலாது மச்சாள். இது அவரின்ர."

றீற்றா பெட்டிக்கு மேலாகக் குனிந்தாள். குளிர்ந்த விரல்களைச் சுற்றி மாலையை இரண்டு முறை வளைத்தாள். இறுக்கவில்லை, முத்துகள் விரலோடு விரலாகப் படிந்தன. யன்னலால் வந்த வெளிச்சத்துக்கு அவற்றில் பச்சை ஓடியது.

"பெரிய இடத்து நகை எண்டு சொன்னனான் எல்லோ," என்றாள் மெதுவாக. "முடிஞ்சுது. இந்தாங்கோப்பா."

சுருவத்தை அவர் உள்ளங்கைக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.