பேரு கெடக்கட்டுங்க, எந்த ஊரு?

அயர்லாந்தில் வியாழக்கிழமை மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுகிற மனிதர், வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் என்னை உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போவார். முதல் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. தள்ளுவண்டியோடு துரத்திப் போய், "ஷான்! நான்தான், குடியை விடுகிற கூட்டம்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். பிஸ்கட் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஷான் என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இந்த ஒரு முறையாவது அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறேன். அடுத்த வாரம் அவரே பொறுமையாக விளக்கினார். இங்கே பெயர் மட்டும் போதும். ஊர் வேண்டாம், குடும்பம் வேண்டாம். அறையைத் தாண்டினால் யாரும் யாருக்கும் தெரிந்தவர் இல்லை. நானோ முதல் நாளே தகப்பனார் பெயர், தாலுகா, மாவட்டம், பின்கோடு வரை ஒப்பித்தவன்.

லிமெரிக் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரனாக இருக்கிறேன். தடுக்கி விழுந்தால் பப் வாசலில் விழ வேண்டிய ஊரில் குடியை விட்டேன். பதினோரு மாதம் ஆனபோது ஊருக்குப் போக விடுமுறை கிடைத்தது. மனைவி சாந்திக்குக் கிடைக்கவில்லை. வழியனுப்ப வந்தவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "திரும்பி வர்றது இந்த ஆளா இருந்தா வாங்க. அந்தப் பழைய ஆளா இருந்தா அங்கயே இருந்துக்கங்க."

பழைய ஆளுக்கு ஊரில் ஒரு கூட்டாளி உண்டு, சாந்தியின் தம்பி மாதையன். ஒவ்வொரு விடுமுறைக்கும் விமான நிலையத்தில் அவனுக்கு ஒரு பாட்டில் வாங்குவேன். ஃபாரின் மாமனுக்கு அது எழுதாத சட்டம். மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்தால் அது தீரும்வரை எழுந்திருக்க மாட்டோம். கடைசித் தடவை பைக்கில் இருவருமாகத் தக்காளித் தோட்டத்துக்குள் குறுக்கு வழி கண்டுபிடித்தோம். என் முன்பல் ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது. முளைத்ததா தெரியவில்லை.

இந்த முறை பெட்டியில் சாக்லேட் மட்டும். காரிமங்கலத்தில் நான் வந்து இறங்கிய அன்றே மாதையன் வந்தான். வாசலில் நின்றபடி பெட்டியை ஒரு பார்வை பார்த்தான். "காய்ச்சலா இருக்குது மாமா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பாட்டில் இல்லை என்று மோப்பம் பிடித்துக் கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். நாலு நாள் அவன் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்தேன். மாடு என்னை ஷான் பார்ப்பதுபோலவே பார்த்தது. ஐந்தாம் நாள், இனி தனியாகத் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

இங்கே அப்படிக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று யாரிடம் கேட்பது? மருந்துக் கடையில் கேட்டால் நான் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும். தர்மபுரி பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது; கூட்டம் நடக்கும் ஊர்கள் நாலைந்து போட்டிருந்தது. இருப்பதிலேயே தூரமான ஏரியூரைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஒகேனக்கல்லுக்கு மீன் சாப்பிடப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். ஆண்பிள்ளை தனியாக ஒகேனக்கல் போகிறேன் என்றால் எதற்கென்று தர்மபுரி மாவட்டத்துத் தாய்க்குத் தெரியாதா? "போ சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். "வாங்க வாங்க. எந்த ஊருங்க?"

அயர்லாந்துப் பயிற்சி கை கொடுத்தது. "முருகேசன்" என்றேன்.

"பேரு கெடக்கட்டுங்க, எந்த ஊரு?"

"சித்தேரி." வாயில் வந்தது அதுதான்.

"அட, அந்த மலை ரூட்டுல நான் பஸ்ஸு ஓட்டுனவன்ங்க! சித்தேரில யாரு வூடு?"

உள்ளேயிருந்து ஒரு குரல்: "அவரு சித்தேரியும் இல்ல, கித்தேரியும் இல்லீங்க. காரிமங்கலம். எங்க அக்கா வூட்டுக்காரரு."

டீ கெட்டிலோடு மாதையன் நின்றிருந்தான்.

"நீ எங்கடா இங்க?"

"ஆறு மாசமா வர்றேன் மாமா. இங்கன்னா தெரிஞ்சவன் எவனும் வரமாட்டான்னு..."

"நானும் அதுக்குத்தான்டா வந்தேன்! அப்ப அந்தக் காய்ச்சலு?"

"உங்க பொட்டியப் பாத்து வந்த காய்ச்சலு மாமா. பாட்டில எடுத்து நீட்டுனா வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"சாக்லேட்டுடா அது!"

எட்டு நாற்காலியும் சிரித்தது. ஞாயிறுதோறும் ஆடு வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறானாம். ஆறு மாதமாக ஒரு ஆட்டைக்கூடக் கண்ணில் காணாத அவன் மனைவி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. என் முறை வந்தபோது, அயர்லாந்தில் பதினோரு மாதமாக இலக்கணம் பார்த்துப் பார்த்துச் சொன்னதைத் தமிழில் ஒரே மூச்சில் கொட்டினேன். பல் போன கதையில் பாதியை மாதையன் எடுத்துக்கொடுத்தான். நெஞ்சிலிருந்து ஒரு நெல் மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

அவன் பைக்கிலேயே திரும்பினோம். ஒயின் ஷாப் வந்தபோது இருவரும் கழுத்தைத் திருப்பவே இல்லை. விறைத்த கழுத்தில் வலி இரண்டு நாள் இருந்தது. பொய்க்குச் சாட்சியாக பென்னாகரத்தில் வறுத்த மீன் வாங்கித் தின்றோம். வீட்டில் அம்மா அருகே வந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "மீன் வாசந்தான்டா வருது" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அயர்லாந்து விமான நிலைய வாசலில் சாந்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த ஆளுதான்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஷானைப் பார்த்தால் இப்போது நானும் உருளைக்கிழங்கு மூட்டைபோலவே நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏரியூரில் கூட்டம் கூடும்போது இங்கே காலை. மாதையன் எட்டாவது நாற்காலியில் செல்போனை வைத்துவிடுவான். நான் முதியோர் இல்லத்து அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பேன். மீசைக்காரர் வருகை எடுப்பார்.

"சித்தேரிக்காரரு இருக்கீங்களா?"

சித்தேரி மலையில் நான் இன்றுவரை காலடி வைத்ததில்லை.

"இருக்கறேங்க" என்கிறேன்.